குவிஸ் எடிட் பக்கம்: கேள்வி சேர்ப்பது சுலபம், மாற்றுவதுதான் பாடு

இணையவழிக் கற்றல் மென்பொருளில் குவிஸ் பகுதியை மேம்படுத்தப் போகிறோம் என்று வாயைத் திறந்தால் போதும், கோரிக்கைகள் வந்து குவியும். பெரும்பாலும் எல்லாமே புதிய கேள்வி வகைகளைப் பற்றியதாக இருக்கும். படத்தில் இடம் குறிக்கும் கேள்வி வேண்டும், குரலில் பதில் சொல்லும் கேள்வி வேண்டும், குறுக்கெழுத்து வேண்டும். நான் அப்படிப்பட்ட ஒரு மென்பொருளின் குவிஸ் பகுதியில் சில வருடங்களாக வேலை செய்கிறேன். டெவலப்பர் இல்லை. ஆசிரியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து, அதை டெவலப்பர்களுக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் கதை வேறு. கேள்வி வகை போதவில்லை என்று யாரும் திணறி நான் அதிகம் பார்த்ததில்லை. ஏற்கெனவே போட்ட கேள்வியில் கை வைக்கும்போதுதான் திணறுகிறார்கள். மதிப்பெண்ணை மாற்றினால் என்ன ஆகும், விடையைத் திருத்தினால் ஏற்கெனவே எழுதியவர்கள் கதி என்ன, நீக்கினால் எங்கிருந்து போகும்? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் சேவ் பட்டனுக்கு மேலே சுட்டி அந்தரத்தில் நிற்கும்.

இந்தத் தடுமாற்றத்துக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே குழப்பம்தான். கேள்வி என்பது ஒன்று. குவிஸில் அந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கும் இடம் இன்னொன்று. வாசகம், தெரிவுகள், சரியான விடை, பின்னூட்டம் எல்லாம் கேள்விக்குச் சொந்தம். அவை கேள்வி வங்கியில், அதாவது பல குவிஸ்களுக்கும் பொதுவான கேள்விச் சேமிப்பில், இருக்கின்றன. எத்தனையாவது கேள்வி, எந்தப் பக்கம், இந்தக் குவிஸில் எத்தனை மதிப்பெண் என்பவை இடத்துக்குச் சொந்தம். ஒரே கேள்வி வாராந்திரப் பயிற்சியில் 1 மதிப்பெண்ணுக்கும் இறுதித் தேர்வில் 3 மதிப்பெண்ணுக்கும் வரலாம். ஆனால் திரையில் இரண்டும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பென்சில் ஐகானை அழுத்தினால் எதை மாற்றப் போகிறோம் என்பது ஆசிரியருக்குத் தெரிவதில்லை.

மென்பொருளை எழுதியவர்களுக்கே இந்தப் பிரிவினை மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. மூடிலை (Moodle) எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் முதல் பதிப்பு வந்த திறந்த மூலக் கற்றல் மென்பொருள் அது. நெடுங்காலம் அதில் ஒரு குவிஸின் கேள்வி வரிசை முழுவதும் டேட்டாபேஸில் ஒரே கட்டத்துக்குள் கிடந்தது: கேள்விகளின் எண்கள், இடையில் காற்புள்ளி, பக்கம் மாறும் இடத்தில் ஒரு 0. 2014-இல் வந்த 2.7 பதிப்பில்தான் ஒவ்வொரு இடத்துக்கும் தனி வரி கொண்ட அட்டவணை வந்தது. அதே வருடக் கடைசியில் 2.8-இல் எடிட் பக்கமே மாறியது. அதுவரை கேள்வி சேர்க்க ஒரு தாவல், வரிசையையும் பக்கப் பிரிப்பையும் மாற்ற இன்னொரு தாவல் என்று இருந்ததை ஒரே பக்கமாக்கினார்கள். பக்கம் மறுபடி லோடு ஆகாமலே கேள்வியை இழுத்து வைக்கலாம், மதிப்பெண்ணை அந்த இடத்திலேயே மாற்றலாம் என்றானது. அடுத்து 2.9-இல் பகுதித் தலைப்புகளும், முந்தைய கேள்வியை முடித்தால்தான் இது திறக்கும் என்ற நிபந்தனையும் சேர்ந்தன.

ஆசிரியர்கள் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் 2.8-இல் வந்தது. அதற்குத் தரை போட்டது, திரையில் ஒன்றுமே தெரியாத அந்த 2.7 அட்டவணை. எடிட் பக்கத்தைக் கொஞ்சம் அழகாக்கித் தாருங்கள் என்று யாராவது கேட்டு வந்தால் நான் இப்போது முதலில் கேட்பது, உங்கள் டேட்டாபேஸில் கேள்வியும் இடமும் தனித்தனியாக இருக்கின்றனவா என்பதுதான். இல்லையென்றால் மேலே எத்தனை வண்ணம் பூசினாலும் பயனில்லை.

சரி, ஆசிரியர்கள் பக்கம் வருவோம். ஓர் ஆசிரியை தன் குவிஸைத் திறந்து வைத்திருந்தார். 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண், இறுதி மதிப்பெண் 10-க்குக் கணக்கிடப்படும். மாணவர்கள் எழுதி முடித்திருந்தார்கள்.

“இந்த ஏழாவது கேள்வி ரொம்பக் கஷ்டம். இதுக்கு மட்டும் ரெண்டு மார்க் போட்டுடறேன்.” 1-ஐ அழித்து 2 போட்டார். மேலே மொத்தம் 20 என்று இருந்தது 21 ஆனது. “ஆச்சு. சரியா எழுதினவங்களுக்கு ஒரு மார்க் கூடிடும். மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, இல்லையா?”

“மத்தவங்களுக்குக் குறையும் மேடம்.”

“நான் யாருக்கும் குறைக்கலையே?”

அவர் குறைக்கவில்லைதான். வகுக்கும் எண் கூடிவிட்டது. 20-க்கு 15 வாங்கிய மாணவருக்கு 10-க்கு 7.5 இருந்தது. அவர் ஏழாவது கேள்வியைத் தவறாக எழுதியிருந்தால் இப்போது 21-க்கு 15, அதாவது 7.14. சரியாக எழுதியிருந்தால் 21-க்கு 16, அதாவது 7.62. ஒரு மதிப்பெண் கூட்டியதாக ஆசிரியை நினைத்தார். சரியாக எழுதியவருக்குக் கிடைத்தது 0.12. தவறாக எழுதியவருக்குப் போனது 0.36. இதில் பிழை எதுவும் கிடையாது, கணக்கு சரியாகத்தான் நடக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் இரண்டு மொத்தங்கள் இருந்தன, கேள்விகளின் கூட்டுத்தொகை ஒன்று, இறுதி மதிப்பெண்ணின் உச்சம் ஒன்று. இரண்டுக்கும் என்ன உறவு என்று சொல்லும் ஒரு வரி கூட இல்லை.

இதற்கு நாங்கள் எடுத்த முதல் யோசனை, உதவிக் குறிப்பு போடுவது. கேள்விக்குறி ஐகான், அதைத் தொட்டால் நான்கு வரி விளக்கம். அதை யாரும் தொடவில்லை. வேலை நடுவில் இருக்கும் மனிதர் கேள்விக்குறியைத் தேடிப் போகமாட்டார். அப்புறம் விளக்கத்தைத் தூக்கிவிட்டு விளைவைக் காட்டினோம். மதிப்பெண்ணை மாற்றியதும், சேமிப்பதற்கு முன், வரிக்குக் கீழே ஒரு பட்டை விரியும்: “எழுதி முடித்த 34 பேரில் 18 பேருக்கு மதிப்பெண் கூடும், 14 பேருக்குக் குறையும், 2 பேருக்கு மாற்றமில்லை.” பக்கத்தில் ‘பெயர்களைப் பார்’ என்ற இணைப்பு. அவ்வளவுதான். சூத்திரம் எதையும் யாருக்கும் கற்பிக்கத் தேவையில்லாமல் போனது. குறையும் என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லோரும் நிற்கிறார்கள். நின்றால் போதும், பிறகு அவர்களே யோசித்துக்கொள்வார்கள்.

யாரும் இன்னும் எழுதாத குவிஸில் இந்தப் பட்டை வரக் கூடாது. அங்கே ஆசிரியர் சுதந்திரமாக மாற்றி விளையாட வேண்டிய நேரம். ஒவ்வொரு எண்ணுக்கும் எச்சரிக்கை வந்தால் அடுத்த வாரமே எச்சரிக்கையைப் படிக்காமல் தட்டிவிடப் பழகிவிடுவார்கள். எங்கள் குழுவில் பாதுகாப்புக்காக எல்லா இடத்திலும் ‘நிச்சயமாகவா?’ கேட்கலாம் என்று ஒருவர் விடாப்பிடியாக நின்றார். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அந்தப் பெட்டி ஆசிரியரைக் காப்பாற்றுவதில்லை, பின்னால் நாங்கள் கேட்டோமே என்று சொல்லிக்கொள்ள நமக்கு உதவுகிறது.

விடையைத் திருத்துவது இதைவிடச் சிக்கல். தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. பாதிப் பேர் முடித்துவிட்டார்கள், சிலர் நடுவில் இருக்கிறார்கள், சிலர் இன்னும் தொடங்கவில்லை. அப்போது ஒரு மாணவர் எழுதுகிறார்: “12-ஆம் கேள்விக்கு இரண்டு விடைகளும் சரிதானே?” ஆசிரியர் பார்க்கிறார், சரிதான். இப்போது அவர் கேள்வியைத் திறந்து இரண்டாவது விடையையும் சரி என்று குறித்துச் சேமித்தால் யார் யாருக்கு என்ன நடக்க வேண்டும்?

பழைய வழியில் கேள்வி ஒன்றே ஒன்று. அதை மாற்றினால் அது எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மாறிவிடும், போன வருடத் தேர்விலும் சேர்த்து. போன வருட மாணவர் பார்த்த கேள்வி எது என்பதற்குச் சான்றே இல்லாமல் போகும். 2022 ஏப்ரலில் வந்த மூடில் 4.0 இதற்குப் பதிப்பு முறையைக் கொண்டுவந்தது. கேள்வியைத் திருத்தினால் புதிய பதிப்பு உருவாகும், பழையதும் அப்படியே இருக்கும். குவிஸில் அந்த இடத்தில் எப்போதும் புதிய பதிப்பைக் காட்டு என்று வைக்கலாம், அல்லது இந்தப் பதிப்பிலேயே நில் என்று கட்டிப்போடலாம். கேள்வியை வரைவு நிலையில் வைக்கவும் வழி வந்தது.

நாங்களும் பிறகு அதே பாதையில்தான் போனோம். அதில் கிடைத்த ஒரு நடைமுறைப் பாடம்: இயல்புநிலை எது என்பதைக் குவிஸின் தன்மைதான் தீர்மானிக்க வேண்டும். பயிற்சிக் குவிஸ் என்றால் எப்போதும் புதிய பதிப்பு. எழுத்துப்பிழை திருத்தினால் உடனே போய்ச் சேரட்டும். மதிப்பெண் பதிவாகும் தேர்வு என்றால், திறக்கும் நேரத்தில் எந்தப் பதிப்பு இருந்ததோ அதிலேயே நிற்கட்டும். வங்கியில் வேறொரு ஆசிரியர் நல்லெண்ணத்தோடு ஒரு தெரிவை மெருகேற்றினால், நடந்துகொண்டிருக்கும் தேர்வின் நடுவில் அது நுழையக் கூடாது. இதை ஆசிரியரே ஒவ்வொரு கேள்விக்கும் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிட்டால் யாரும் தேர்ந்தெடுக்கமாட்டார்கள். 50 கேள்விகளில் 50 கீழ்விரி பட்டியல்களை யார் திறப்பார்?

பதிப்பு இருந்தால் மட்டும் பிரச்சினை தீராது. எழுதி முடித்தவர்களுக்கு மறுமதிப்பீடு செய்ய வேண்டும். மூடிலில் உண்மையாக மாற்றாமல் ஒத்திகை பார்க்கும் வசதி நெடுநாளாக உண்டு: மறுமதிப்பீடு செய்தால் யாருக்கு எவ்வளவு மாறும் என்று மட்டும் காட்டும், பிடித்திருந்தால் நிஜமாகச் செய்யலாம். எடிட் பக்கத்துக்கு யாராவது ஒரே ஒரு வசதியைத்தான் இரவல் வாங்கலாம் என்றால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். எங்கள் மென்பொருளில் இது அறிக்கைகள் பக்கத்துக்குள் எங்கோ ஒளிந்திருந்தது. விடையைத் திருத்துபவர் எடிட் பக்கத்தில் இருக்கிறார். ஒத்திகை வேறொரு மெனுவில் நான்கு கிளிக் தள்ளி இருக்கிறது. திருத்திவிட்டு மறுமதிப்பீடு செய்யாமல் போய்விடுவார்கள், மாணவர்களுக்குப் பழைய மதிப்பெண்ணே நிற்கும், ஆசிரியரோ திருத்திவிட்டேன் என்று அறிவித்திருப்பார். ஒத்திகையை அங்கிருந்து எடுத்துத் திருத்தம் செய்யும் இடத்திலேயே வைத்ததும் இந்தத் தொல்லை அடங்கியது.

கேள்வியே கோணல் என்று தெரிந்தபின் ஆசிரியர் முன்னால் உள்ள வழிகளை நாங்கள் நான்காகச் சுருக்கினோம்: இரண்டு விடைகளையும் ஏற்றுக்கொள், எல்லோருக்கும் முழு மதிப்பெண் கொடு, கேள்வியைக் கணக்கிலிருந்து எடு, அப்படியே விடு. பலருக்கும் மூன்றாவதுதான் நியாயமாகத் தோன்றும். தப்பான கேள்வி, தூக்கிவிடலாம். ஆனால் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 20-க்கு 15 வாங்கியவர் அந்தக் கேள்வியைச் சரியாக எழுதியிருந்தால் 7.5-லிருந்து 19-க்கு 14, அதாவது 7.37-க்கு இறங்குவார். சரியாக எழுதியதற்குத் தண்டனை. எல்லோருக்கும் முழு மதிப்பெண் என்றால் அவர் 7.5-லேயே நிற்பார், தவறாக எழுதியவர் 8-க்கு ஏறுவார், யாருக்கும் இறங்காது. எது சரி என்று மென்பொருள் சொல்ல வேண்டியதில்லை. நான்கு வழிகளையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றின் கீழும் எத்தனை பேருக்கு ஏறும் எத்தனை பேருக்கு இறங்கும் என்று காட்டினால் போதும். இதை வைத்த பிறகு, முதலில் ‘கணக்கிலிருந்து எடு’ மேல் கை வைத்தவர்கள் எண்களைப் பார்த்துவிட்டு மனம் மாறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

நீக்குவது பற்றிச் சுருக்கமாக. குவிஸிலிருந்து எடுப்பதும் வங்கியிலிருந்து அழிப்பதும் வேறு வேறு. இரண்டுக்கும் ஒரே குப்பைத்தொட்டி ஐகான் போடாதீர்கள். குவிஸிலிருந்து எடுத்தால் கேட்காமல் எடுத்துவிட்டு, சில நொடிகளுக்கு ‘மீட்டெடு’ காட்டுங்கள்.

வரிசை மாற்றுவதற்கு வருவோம். இழுத்து விடுவது டெமோவில் அற்புதமாக இருக்கும், ஏனென்றால் டெமோவில் ஐந்து கேள்விகள்தான் இருக்கும். 60 கேள்விகள் உள்ள பக்கத்தில் 48-ஆவதை 3-ஆவது இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். திரையின் விளிம்பில் பிடித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். பக்கம் ஒன்று நகராது, அல்லது நகர ஆரம்பித்தால் நிற்காமல் உச்சிக்கே போய்விடும். கைபேசியில் விரலால் இழுத்தால் கேள்வி நகர்கிறதா பக்கம் நகர்கிறதா என்று அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. விசைப்பலகையோடும், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரோடும் வேலை செய்யும் ஆசிரியருக்கு இழுப்பது என்ற பேச்சே இல்லை.

2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி (WCAG) 2.2, அதாவது குறைபாடு உள்ளவர்களும் இணையப் பக்கங்களைப் பயன்படுத்த வகைசெய்யும் தரநிலை, இதை விதியாகவே எழுதிவிட்டது. இழுத்துச் செய்யும் வேலையை இழுக்காமல், ஒற்றைத் தட்டலாலும் செய்ய வழி இருக்க வேண்டும். தொடும் பட்டன்கள் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் அளவாவது இருக்க வேண்டும், அல்லது அக்கம்பக்கத்தில் அதற்கேற்ற இடைவெளி இருக்க வேண்டும். நாங்கள் ஒவ்வொரு கேள்விக்கும் ‘நகர்த்து’ பட்டன் வைத்தோம். அழுத்தினால் ‘எந்தக் கேள்விக்குப் பின்?’ என்று ஒரு சிறு பெட்டி. எண்ணை அடித்து என்டர் தட்டினால் முடிந்தது. பார்வைக் குறைபாடு உள்ள ஆசிரியர்களை மனதில் வைத்துச் செய்தது இது. ஆனால் பெரிய குவிஸ் வைத்திருக்கும் எல்லோருமே இழுப்பதை விட்டுவிட்டு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இதில் ஒளிந்திருக்கும் நுணுக்கம் குவியம், அதாவது விசைப்பலகை இப்போது பக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது. 48-ஆவது கேள்வி 3-ஆவது இடத்துக்குப் போனதும் விசைப்பலகைக் குவியமும் அதோடு போக வேண்டும், ஸ்கிரீன் ரீடர் “கேள்வி இப்போது மூன்றாவது இடத்தில்” என்று சொல்ல வேண்டும். நாங்கள் முதலில் சோதித்தபோது கேள்வி ஒழுங்காக நகர்ந்தது, குவியம் மட்டும் பக்கத்தின் உச்சிக்கு ஓடிவிட்டது. கண்ணால் பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. காதால் கேட்பவரோ ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு முழுப் பக்கத்தையும் மறுபடி கடந்து வர வேண்டும்.

நகர்த்துவதற்கும் பின்விளைவு உண்டு. முந்தைய கேள்வியை முடித்தால்தான் இது திறக்கும் என்று நிபந்தனை போட்ட கேள்வியை வேறு இடத்தில் வைத்தால், ‘முந்தைய’ என்பது இப்போது வேறு கேள்வி. நிபந்தனையை மாற்றவே இல்லை, பொருள் மாறிவிட்டது. அந்த நிபந்தனையைக் காட்டும் சங்கிலிக் குறியை இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் வரைந்து காட்டுவது உதவுகிறது. ஒரு கேள்வியின் வரிக்குள் வைத்தால் அது எதைப் பிடித்திருக்கிறது என்று தெரியாது.

தெரிவுகளைக் கலைத்துக் காட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கலைப்பு இயல்பாகவே இயங்கும்படி வைக்கிறார்கள், நல்லதுதான். ஆசிரியர்களோ ‘மேற்கண்ட அனைத்தும்’ என்று கடைசித் தெரிவு எழுதுவதை விடப்போவதில்லை. கலைத்ததும் அது முதல் வரியில் வந்து நிற்கும். மேலே ஒன்றுமே இருக்காது. ‘அ மற்றும் இ’ என்பது இன்னும் மோசம், அது கலைத்த வரிசையில் வேறு விடையாகவே ஆகிவிடலாம். எடிட்டர் இதைப் பிடிக்க முடியும். தெரிவில் ‘மேற்கண்ட’, ‘அனைத்தும்’, ‘எதுவுமில்லை’ போன்ற சொற்கள் இருந்தால், ‘இதைக் கடைசியிலேயே நிறுத்தவா?’ என்று அந்த வரியிலேயே கேட்டால் போதும். பெரிய அறிவெல்லாம் தேவையில்லை, சின்னச் சொற்பட்டியல்தான்.

தமிழில் குவிஸ் போடுபவர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு சொல்லில் விடை எழுதும் கேள்வியில், மாணவர் எழுதியது திரையில் அச்சாகச் சரியாக இருக்கும். மதிப்பெண் பூஜ்யம் வரும். காரணம் உள்ளே இருக்கும் குறியீடு. ‘கொ’ என்பதை யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையில், இரண்டு விதமாக வைக்கலாம்: க-வுடன் ஒற்றை ‘ொ’ குறி ஒரு விதம், க-வுடன் ‘ெ’ பிறகு ‘ா’ என இரண்டு குறிகள் இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் நிரலுக்கு வேறு வேறு. இதற்கு மருந்து உண்டு: ஒப்பிடும் முன் இருபக்கத்தையும் யூனிகோடு நியமத்தின்படி இயல்பாக்கினால், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால், இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரே வரி நிரல், ஆனால் யாராவது போட வேண்டும்.

அந்த மருந்துக்கும் மசியாதது ஔ. ‘ஔவையார்’ என்பதை ஒற்றை ‘ஔ’ எழுத்தால் எழுதுபவர்கள் உண்டு, ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போடுபவர்களும் உண்டு. பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. இவை யூனிகோடு கணக்கில் உண்மையாகவே வேறு எழுத்துகள், இயல்பாக்கம் தொடாது. ‘ஸ்ரீ’யும் இப்படித்தான், ஸ-வில் தொடங்குவது ஒன்று, ஶ-வில் தொடங்குவது ஒன்று. ஆகவே எடிட் பக்கத்தில், ஆசிரியர் சரியான விடையை எழுதும்போதே இப்படிப்பட்ட இரட்டைகளைக் கண்டுபிடித்து, ‘இந்த வடிவத்தையும் ஏற்கவா?’ என்று கேட்டு மாற்று விடையாகச் சேர்க்கும் வசதி வைத்தோம். விடைக்கு முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் இடைவெளியையும், கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் அதே இடத்தில் துடைத்துவிடலாம். இது இல்லாத மென்பொருளில் வேலை செய்பவர்கள் மாற்று வடிவங்களைக் கையால் கூடுதல் விடைகளாகச் சேர்த்துவிடுங்கள். அல்லது முடிந்தவரை தெரிவுக் கேள்வியாக மாற்றிவிடுங்கள்.

மொத்தமாகக் கேள்விகளை ஏற்றுவதிலும் இதே துடைப்பு வேண்டும். ஆசிரியர்கள் கேள்விகளை வேர்டு கோப்பில்தான் எழுதுகிறார்கள், அதை மாற்ற முயல்வது வீண். எளிய எழுத்து வடிவங்கள் ஏற்கெனவே உண்டு. கிஃப்ட் (GIFT) வடிவத்தில் வளைவு அடைப்புக்குள் சரியான விடைக்கு முன் சமக்குறி, தவறான விடைக்கு முன் அலைக்குறி. அய்க்கன் (Aiken) வடிவம் இன்னும் எளிது: கேள்வி ஒரு வரி, தெரிவுகள் ஆங்கில எழுத்துகளோடு ஒவ்வொரு வரி, கடைசியில் விடை. இவற்றைப் பழகிக்கொண்ட ஆசிரியர்கள் நூறு கேள்வியை மதிய உணவுக்குள் ஏற்றிவிடுவார்கள். பழகாதவர்களுக்காக, ஒட்டும் பெட்டி ஒன்று வைத்து, ஒட்டியதை மென்பொருள் எப்படிப் புரிந்துகொண்டது என்று பக்கத்திலேயே கேள்வி வடிவில் காட்டினோம். இறக்குமதியில் 37-ஆவது வரியில் பிழை என்று சொல்லி முழுவதையும் நிராகரிப்பது கொடுமை. மற்ற கேள்விகளை ஏற்றுக்கொண்டு, சிக்கியதை மட்டும் சிவப்புக் கரையோடு திருத்தக் கொடுத்தால் யாரும் கோபப்படுவதில்லை.

வங்கியிலிருந்து தற்செயலாகக் கேள்வி எடுக்கும் முறையில் ஒரே ஒரு சோதனை கட்டாயம். ஒரு பிரிவில் 10 கேள்விகள் இருக்க, 12 கேட்டு வைத்திருந்தால் அது எடிட் செய்யும்போதே தெரிய வேண்டும். மாணவர் தொடங்கு பட்டனை அழுத்தும் நேரத்தில் தெரிந்தால் அந்த நாள் போச்சு. முதலில் 12 இருந்து, பிறகு யாரோ வங்கியைச் சுத்தம் செய்து இரண்டை வரைவு நிலைக்குத் தள்ளினாலும் இதே கதைதான், ஆகையால் வங்கிப் பக்கத்திலும் இந்தச் சோதனை ஓட வேண்டும்.

எடிட் பக்கத்தில் நான் கேட்டு வாங்கிய இன்னொன்று, ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் அது முன்பு எப்படி நடந்தது என்ற சிறு எண். சராசரியாக எத்தனை சதவீத மதிப்பெண் கிடைத்தது, அவ்வளவுதான். நான்கு தெரிவுள்ள கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தாலே 25 சதவீதம் வரும். ஒரு கேள்விக்கு அதைவிட வெகுவாகக் குறைந்து, எல்லோரும் ஒரே தவறான தெரிவில் போய் விழுந்திருந்தால், பெரும்பாலும் விடைக்குறிப்பே தவறு. மொத்தத்தில் நன்றாக எழுதியவர்களே இந்தக் கேள்வியில் மட்டும் சறுக்கியிருந்தால் சந்தேகம் இன்னும் உறுதி. இந்த எண்களெல்லாம் புள்ளிவிவர அறிக்கையில் முன்பே இருந்தவைதான். அறிக்கையைத் திறப்பவர்கள் சிலர், எடிட் பக்கத்தைத் திறப்பவர்கள் எல்லோரும். ஆனால் நூற்றுக்கணக்கில் மாணவர்கள் உள்ள படிப்பில் இதைப் பக்கம் திறக்கும்போதெல்லாம் கணக்கிட்டால் சர்வர் மூச்சு வாங்கும். இரவில் ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால் போதும். ஐந்தாறு பேர் மட்டுமே எழுதிய கேள்விக்கு எண்ணையே காட்டாதீர்கள். அது தகவல் இல்லை, வதந்தி.

இப்போது கையில் இருக்கும் வேலை, இரண்டு ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒரே குவிஸைத் திருத்துவது. ஒருவர் சேமித்ததை இன்னொருவர் தெரியாமலே அழித்து எழுதிவிடுகிறார். ஒருவர் திறந்திருந்தால் மற்றவருக்குப் பூட்டிவிடலாம் என்பது முதல் யோசனை. திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுபவர்களால் அது சரிப்படாது. ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மாற்ற எண் வைத்திருக்கிறோம். நீங்கள் திறந்தபோது இருந்த எண்ணும் சேமிக்கும்போது இருக்கும் எண்ணும் வேறாக இருந்தால், அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு வடிவத்திலும் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். வேறு வேறு கேள்விகளைத் திருத்தும் இருவர் ஒருவரையொருவர் கவனிக்கவே தேவையில்லை. இருவரும் வரிசையை மாற்றினால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் நல்ல விடை கிடைக்கவில்லை. இப்போதைக்கு இரண்டாவதாகச் சேமிப்பவருக்குப் புதிய வரிசையைக் காட்டி, அவர் நகர்த்தியவற்றை மட்டும் மறுபடி நகர்த்தச் சொல்கிறோம். யாருக்கும் அது பிடிக்கவில்லை, ஆனால் எதுவும் தொலைவதில்லை.